பி.ஏ. சேரப் போகிறவர்களுக்கு: சான்றிதழ் எடுப்பதிலிருந்து கல்லூரியில் முதல் மாதம் வரை

பொறியியல், மருத்துவம் என்றால் பள்ளியிலேயே கூட்டம் போட்டு விளக்குகிறார்கள், செய்தித்தாளில் தனிப் பக்கம் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் கட்-ஆஃப் தெரிந்து வைத்திருக்கிறார். வரலாறோ தமிழோ பொருளாதாரமோ சமூகவியலோ படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு மட்டும் "போய் ஃபாரம் போடு, கிடைக்கும்" என்ற ஒரு வரிதான் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வழி சொல்ல ஆளில்லாமல் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கித்தான் சேர்ந்தேன், பிறகு என் தங்கையைச் சேர்க்கும்போதும் கிட்டத்தட்ட அதே அலைச்சல். இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் கேட்டு வரும்போது சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

பி.ஏ.வில் ஏதாவது ஓர் இடம் கிடைக்கும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பட்டத்தின் பெயர் என்ன, தமிழ்வழியா ஆங்கிலவழியா, அரசு உதவி பெறும் பிரிவா சுயநிதிப் பிரிவா (அரசு உதவி இல்லாமல் மாணவர் கட்டணத்தில் நடப்பது) என்ற மூன்று விஷயங்கள் சேரும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. மூன்று வருஷம் கழித்து வேலைக்கோ பி.எட்.டுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் அவற்றின் விளைவு தெரியவரும், அப்போது திருத்த வழியே இல்லை. அதனால் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டே கீழே படியுங்கள்.

1. கல்லூரியைத் தேடும் முன் பாடத்தை முடிவு செய்யுங்கள்

பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் பெரும்பாலான பி.ஏ. படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். அறிவியல் குரூப் படித்துவிட்டு வரலாறு எடுப்பதில் ஒரு தடையும் இல்லை. புவியியலும் உளவியலும் பல கல்லூரிகளில் பி.எஸ்சி. என்ற பெயரில் இருக்கும், அதனால் பி.ஏ. பட்டியலில் மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். தத்துவம் மிகச் சில இடங்களில்தான் உண்டு. சென்னையில் மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியும் விவேகானந்தா கல்லூரியும் அந்தத் துறைக்குத் தெரிந்த இடங்கள்.

ஆசிரியர் வேலைக்குப் போகலாம் என்று எண்ணம் இருந்தால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், வரலாறு, புவியியல் படித்தவர்கள் இளநிலைப் பட்டத்தோடு நேராக பி.எட். சேரலாம். பொருளாதாரம், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல், தத்துவம் படித்தவர்கள் முதுநிலையும் முடித்திருக்க வேண்டும். அதாவது இரண்டு வருஷமும் அதற்கான செலவும் கூடுதல். இதைச் சேரும் முன்பே சொல்லியிருந்தால் வேறு பாடம் எடுத்திருப்பேன் என்று வருத்தப்படும் பட்டதாரிகள் நிறையப் பேர். பொருளாதாரம் பிடித்திருந்தால் தாராளமாக எடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் கூடுதல் காலமும் செலவும் தெரிந்து எடுங்கள் என்கிறேன்.

பட்டத்தின் பெயரையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வெறும் "வரலாறு" என்று இருப்பது ஒரு பட்டம், அதோடு சுற்றுலா என்றோ மரபு மேலாண்மை என்றோ ஒட்டு சேர்ந்திருந்தால் அது இன்னொரு பட்டம். பாடத்திட்டம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அரசு வேலைக்கும் பி.எட்.டுக்கும் போகும்போது "இது பி.ஏ. வரலாறுக்கு இணையானது" என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்படி ஒரு பெயரில் சேர்வதாக இருந்தால் துறைத் தலைவரிடம் அந்த அரசாணையின் நகலைக் கேளுங்கள். "அதெல்லாம் ஒத்துக்குவாங்கப்பா" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

பொருளாதாரத்தில் பெரிய இடங்களுக்குப் போக நினைப்பவர்களுக்குக் கணிதம் முக்கியம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஹானர்ஸ் சேர நுழைவுத் தேர்வில் கணிதம் கட்டாயம் எழுத வேண்டும். நம்மூர்க் கல்லூரிகளில் கணிதம் இல்லாமலேயே சேரலாம், ஆனால் முதுநிலைக்கு நல்ல நிறுவனங்களில் நுழையும்போது கணிதமும் புள்ளியியலும் தேவைப்படும். பிளஸ் டூவில் விட்டிருந்தால் முதல் வருஷத்திலிருந்தே தனியாகப் படிக்கத் தொடங்குங்கள்.

2. சான்றிதழ்களை ஏப்ரல் மாதமே எடுத்துவிடுங்கள்

பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடிகிறது. முடிவு மே முதல் பாதியில் வருகிறது. இடையில் இருக்கும் ஒரு மாதத்துக்கு மேலான காலம்தான் சான்றிதழ் எடுக்க ஏற்ற நேரம். ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது, தாலுகா அலுவலகத்தில் மனுக்கள் குவிந்து கிடக்கும், சர்வரும் அப்போது பார்த்துத்தான் படுக்கும்.

தேவைப்படுபவை: பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள் (பதினொன்றாம் வகுப்புக்கு இருந்தால் அதுவும்), மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்குப் புத்தகம், வருமானச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் ஒரு டஜன். மாற்றுத்திறனாளி, விளையாட்டு வீரர், முன்னாள் படைவீரரின் பிள்ளை, என்.சி.சி. போன்ற சிறப்புப் பிரிவுகளில் வருபவர்களுக்கு அதற்குரிய சான்றிதழும் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்கு முதலில் தற்காலிக மதிப்பெண் சான்றிதழ்தான் கிடைக்கும், சேர்க்கைக்கு அது போதும்.

சாதிச் சான்றிதழ் பழைய கையெழுத்து அட்டையாக இருந்தால் இ-சேவை வழியாக டிஜிட்டல் சான்றிதழாக மாற்றிக்கொள்ளுங்கள். கட்டணம் 60 ரூபாய். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கைமாறிப் போகும், எந்த மேசையில் நிற்கிறது என்பதை மனு எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நின்றுவிட்டால் நேரில் போய் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், காத்திருந்தால் காத்திருந்தபடியே இருக்க வேண்டியதுதான். பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் தர மாட்டார், கோட்டாட்சியர் அளவில்தான் வழங்குவார்கள், நேரடி விசாரணையும் உண்டு. அதற்கு நாள் அதிகம் பிடிக்கும், அந்தப் பிள்ளைகள் பிளஸ் டூ படிக்கும்போதே மனுப் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

பெயர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லாமல், எழுத்துக்கூட்டு வேறு வேறாக. என் தங்கைக்கு உதவித்தொகை பல மாதம் நின்றதற்கு இதுதான் காரணம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். எதிர்த்திசையில் போனால், அதாவது மதிப்பெண் சான்றிதழைத் திருத்தப் போனால், அலைச்சல் பல மடங்கு.

வருமானச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். ஒவ்வொரு வருஷமும் உதவித்தொகையைப் புதுப்பிக்கும்போது மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

3. அரசுக் கல்லூரி விண்ணப்பம்

தமிழ்நாட்டில் 160க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் டிஎன்ஜிஏஎஸ்ஏ (TNGASA) என்ற ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், மொத்தம் 50. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். இந்தக் கட்டணத்தில் ஐந்து கல்லூரிகள் வரை தேர்ந்தெடுக்கலாம்.

காலம் எப்படிப் போகும் என்பதற்கு 2025ஆம் ஆண்டின் தேதிகளைப் பாருங்கள். மே 7 அன்று விண்ணப்பம் தொடங்கியது, மே 27 வரை நடந்தது. ஜூன் தொடக்கத்தில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு, ஜூன் 4 முதல் 14 வரை முதல் கட்டப் பொதுக் கலந்தாய்வு, ஜூன் 16 முதல் 28 வரை இரண்டாம் கட்டம், ஜூன் 30 அன்று முதலாண்டு வகுப்பு. ஒவ்வோர் ஆண்டும் சில நாள் முன்பின் ஆகும், ஆனால் வேகம் இதேதான். விண்ணப்பத்துக்கு மூன்று வாரம்தான் கிடைக்கும்.

விண்ணப்பம் போடும்போது இவற்றில் கவனம் வையுங்கள்.

தொலைபேசி எண். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டால் சில இடங்களில் அவர்களுடைய எண்ணையோ மின்னஞ்சலையோ போட்டுவிடுகிறார்கள். கலந்தாய்வுக்கு அழைப்பு எஸ்எம்எஸ்ஸில்தான் வரும். அது யாரோ ஒருவர் போனில் கிடக்கும்போது இங்கே உங்கள் முறை தாண்டிப் போயிருக்கும். உங்கள் எண், வீட்டில் எப்போதும் இருக்கும் ஒருவரின் எண், இரண்டும் கொடுங்கள். கடவுச்சொல்லையும் உங்கள் கையாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் கொடுத்துப் போடப் பயமாக இருந்தால் அரசுக் கல்லூரிகளிலேயே சேர்க்கை உதவி மையம் வைத்திருக்கிறார்கள், அங்கே போனால் அவர்களே பதிவு செய்து தருவார்கள்.

பாடத் தேர்வு. ஒரு கல்லூரியில் ஒரே பாடத்தை மட்டும் டிக் செய்துவிட்டு வராதீர்கள். உங்களுக்கு ஒத்துவரும் எல்லாப் பாடங்களையும், தமிழ்வழி, ஆங்கிலவழி, முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் எல்லாவற்றையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று பிரித்து நடத்தும் கல்லூரிகளில் மதிய ஷிப்ட்டுக்குப் போட்டி கொஞ்சம் குறைவு. ஆனால் கிராமத்திலிருந்து வருபவர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், மாலை வீடு திரும்பப் பஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டிய ஒன்றுதான்.

ஐந்து கல்லூரிகளையும் பெரிய நகரத்திலேயே போடாதீர்கள். சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி போன்றவற்றுக்கு மாநிலம் முழுவதிலுமிருந்து விண்ணப்பங்கள் வரும். அவற்றில் இரண்டைப் போட்டால், உங்கள் மாவட்டத்தில் இரண்டு, பக்கத்து மாவட்டத்தில் ஒன்று என்று பிரித்துப் போடுங்கள்.

இன்னொன்று: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை இங்கே தேடாதீர்கள். அது மருத்துவம், பொறியியல், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கு. கலைக் கல்லூரியில் நடைமுறையில் இருப்பது 69 சதவீத வகுப்புவாரி ஒதுக்கீடு.

4. தரவரிசையும் கலந்தாய்வும்

தரவரிசை மூன்று விதமாகப் போடுவார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கிலப் பாட மதிப்பெண், மற்ற எல்லாவற்றுக்கும் மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மீதி நான்கு பாடங்களின் கூட்டு மதிப்பெண் 400க்கு. எனவே மொத்த மதிப்பெண் குறைவு என்று மனம் தளர வேண்டாம். தமிழில் 95 எடுத்த பிள்ளை மற்ற பாடங்களில் திணறியிருந்தாலும் தமிழ்த் துறைத் தரவரிசையில் முன்னால் நிற்கும்.

கலந்தாய்வு நீங்கள் விண்ணப்பித்த கல்லூரியிலேயே நேரில் நடக்கும். ஒவ்வொரு கல்லூரியும் தன் தரவரிசைப் பட்டியலையும், எந்த நாளில் எந்தப் பாடத்துக்கு எந்த ரேங்க் முதல் எந்த ரேங்க் வரை என்பதையும் அறிவிப்புப் பலகையிலும் தன் இணையதளத்திலும் போடும். எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அந்த வாரத்தில் தினமும் காலையில் ஐந்து கல்லூரிகளின் தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு கல்லூரிகளில் ஒரே நாளில் வந்துவிட்டால், எங்கே இடம் உறுதியாகக் கிடைக்குமோ அங்கே நீங்கள் போங்கள், இன்னோர் இடத்துக்கு அப்பாவையோ அம்மாவையோ அனுப்பி நிலவரம் கேட்கச் சொல்லலாம். ஆனால் மாணவர் நேரில் இல்லாமல் இடம் தர மாட்டார்கள்.

போகும்போது எல்லா அசலும், ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸும் எடுத்துப் போங்கள். கட்டணத்தை அன்றைக்கே கட்டச் சொல்வார்கள், அதற்குப் பணம் தயாராக இருக்கட்டும். சில இடங்களில் ஆன்லைன், சில இடங்களில் ரொக்கம், எதற்கும் இரண்டு வழியிலும் வைத்திருங்கள். மாற்றுச் சான்றிதழின் அசலைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து போனிலும் மின்னஞ்சலிலும் சேமியுங்கள்.

உங்கள் முறை வரும்போது கேட்ட பாடம் நிரம்பியிருந்தால் அவசரப்பட்டு ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் கட்டக் கலந்தாய்வு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வு தொடங்கியதும் அங்கே போகிறவர்கள் விட்டுச் செல்லும் இடங்களும் காலியாகும். காத்திருக்கலாமா கூடாதா என்று அங்கே இருக்கும் பேராசிரியரிடமே கேளுங்கள். போன வருஷம் எந்த ரேங்க் வரை போனது என்று சொல்லிவிடுவார்கள், நான் பார்த்தவரை அரசுக் கல்லூரிப் பேராசிரியர்கள் இந்த விஷயத்தில் பொறுமையாகவே பதில் சொல்கிறார்கள்.

5. தமிழ்வழியா, ஆங்கிலவழியா

இதைக் கலந்தாய்வு மேசையில் நின்றுகொண்டு முடிவெடுக்காதீர்கள். வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருக்கிறது. 2020இல் அதைத் திருத்தினார்கள். கேட்கப்படும் கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருந்தால்தான் இப்போது அந்தச் சலுகை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்த பிள்ளை பி.ஏ.வில் ஆங்கிலவழியில் சேர்ந்தால், பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் பணிகளில் இந்த உரிமை போய்விடும். குரூப் 2 எழுத நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

இதில் பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ந்துவிட்டு, தேர்வைத் தமிழில் எழுதுகிறோமே, அது போதும் என்று நினைப்பது. போதாது. சேர்ந்தது எந்த வழிப் பிரிவு என்பதுதான் கணக்கு. பயிற்றுமொழிச் சான்றிதழில் அதைத்தான் எழுதித் தருவார்கள்.

மறுபக்கம், பிறமாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை, ஆராய்ச்சி, தன்னார்வ நிறுவனங்களில் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் கை பழக வேண்டும். தமிழ்வழியில் படித்துக்கொண்டே ஆங்கிலத்தில் நூல்களை வாசித்துக் குறிப்பெடுக்கப் பழகினவர்களை எனக்குத் தெரியும், நன்றாக வந்திருக்கிறார்கள். அரசு வேலை உங்கள் கனவில் இருக்கிறதென்றால் தமிழ்வழிதான் சரி என்பது என் கருத்து, ஆங்கிலத்தைத் தனியாக வளர்த்துக்கொள்ளலாம்.

6. தனியார் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன்

லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், திருச்சி தூய வளனார், பிஷப் ஹீபர், பாளையங்கோட்டை தூய சவேரியார் என்று கலைப் பாடங்களுக்குப் பேர் பெற்ற அரசு உதவி பெறும் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் தனித்தனி, பல கல்லூரிகள் ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பத்தைத் திறந்துவிடுகின்றன. ஏப்ரலிலிருந்தே அவர்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஒரே கல்லூரி, ஒரே வளாகம், சில சமயம் ஒரே பாடம். ஆனால் அரசு உதவி பெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு இன்னொன்று. முன்னதில் கட்டணம் குறைவு, பின்னதில் வருஷத்துக்குப் பல பத்தாயிரங்கள் ஆகலாம். விண்ணப்பத்தில் இரண்டும் வேறு வேறு வரியாக இருக்கும், இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். என் தங்கைக்கு ஒரு கல்லூரியில் "எய்டட் முடிந்துவிட்டது, செல்ஃபில்தான் இருக்கிறது, இன்றே கட்டினால் உண்டு" என்றார்கள். தேர்வுப் பட்டியலை எழுத்தில் காட்டுங்கள் என்று கேட்டபிறகுதான் உதவி பெறும் பிரிவில் இன்னும் பட்டியலே போடவில்லை என்பது தெரிந்தது. "இன்றே கட்டு" என்று யார் சொன்னாலும் ஒரு நாள் தள்ளி யோசியுங்கள்.

எந்தக் கட்டணத்துக்கும் ரசீது வாங்குங்கள். நன்கொடை வாங்குவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. ரசீது தராமல் வாங்கும் பணம் திரும்பி வராது என்பதை மறக்காதீர்கள்.

சேர்ந்தபிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, கல்லூரி மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போதே விலகினால் சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுக் கட்டணமும் திரும்ப வரவேண்டும், அதன்பிறகு தாமதமாக ஆகக் குறைந்துகொண்டே போகும், கடைசித் தேதி தாண்டி 30 நாளுக்கு மேல் ஆகிவிட்டால் ஒன்றும் கிடையாது. விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் தேதிக்குச் சாட்சி இல்லை.

7. மத்தியப் பல்கலைக்கழகம் போக நினைத்தால்

டெல்லிப் பல்கலைக்கழகம், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு வெகு முன்பே வந்து போய்விடுகிறது (2025இல் மார்ச்சிலேயே), நம் பிள்ளைகள் தவறவிடுவது இங்கேதான். 2025இல் விண்ணப்பக் கட்டணம் மூன்று பாடம் வரை பொதுப் பிரிவுக்கு 1,000 ரூபாய், மற்றப் பிரிவுகளுக்குக் குறைவு. அதிகபட்சம் ஐந்து பாடம். தேர்வைத் தமிழிலும் எழுதலாம், ஆனால் சேர்ந்தபின் வகுப்பு ஆங்கிலத்தில் என்பதை நினைவில் வையுங்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை நீங்கள் பிளஸ் டூவில் படித்த பாடங்களிலேயே க்யூட் எழுதியிருக்க வேண்டும், பாடத்தைத் தேர்வு செய்யும்போதே அவர்களுடைய தகுதி விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு: நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமி லேயர் (வசதி படைத்த மேல்தட்டு) அல்லாதோர் சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

க்யூட் முடிவு 2025இல் ஜூலை 4 அன்று வந்தது. நம் கல்லூரிகளில் அதற்குள் வகுப்பே தொடங்கிவிட்டது. அதனால் இங்கே அரசுக் கல்லூரியில் சேர்ந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருங்கள், அங்கே கிடைத்தால் விலகி மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம். அதை நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.

சென்னை ஐஐடியில் பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு எம்.ஏ. சேரலாம் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது இப்போது இல்லை, பட்டம் முடித்தபின் சேரும் இரண்டாண்டு எம்.ஏ.தான் உண்டு. பெங்களூரு அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் உள்ள க்ரியா போன்ற தனியார் இடங்களில் கட்டணம் பெரிது, ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. அவற்றுக்கு விண்ணப்பம் பிளஸ் டூ படிக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

8. எவ்வளவு செலவாகும், எங்கிருந்து உதவி வரும்

அரசுக் கல்லூரியில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. தேர்வு, நூலகம், விளையாட்டு என்று சிறு சிறு கட்டணங்கள் சேர்ந்து வருஷத்துக்குச் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும், ஆய்வகம் இல்லாத பாடங்களுக்கு இன்னும் குறைவு. அரசு கலைக் கல்லூரி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை உண்டு. பெரிய செலவு தங்குமிடமும் சாப்பாடும்தான்.

அதற்கு அரசு விடுதிகள் இருக்கின்றன. முன்பு ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று இருந்தவற்றை 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீடு குறைந்தது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, மாணவிகளுக்கு அந்தத் தூர விதி இல்லை. கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே விடுதிக் காப்பாளரிடம் படிவம் வாங்குங்கள், தள்ளிப்போட்டால் நிரம்பிவிடும்.

அப்புறம் மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள். பெண்களுக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம், தனியார் கல்லூரியில் படித்தாலும் உண்டு. தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. கல்லூரி வழியாகத்தான் பதிவு, பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் கேட்பார்கள், அதை மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை, பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கும் தனித் திட்டங்கள் உண்டு, கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கும் உதவியாளர் யார் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் எதுவானாலும் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இங்கே ஒரு நுணுக்கம். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்கான கணக்காக ஆதாரோடு இணைப்பது வேறு. வங்கியில் "மானியப் பணம் வரும்படி ஆதார் சீடிங் செய்யுங்கள்" என்று தெளிவாகக் கேளுங்கள். கணக்கில் பல மாதம் வரவு செலவு இல்லாமல் முடங்கியிருந்தாலும் பணம் திரும்பிப் போய்விடும்.

9. சேர்ந்த முதல் மாதம்

கல்லூரி அலுவலகத்தில் யூமிஸ் எனப்படும் மாணவர் பதிவில் உங்கள் பெயர், பிறந்த தேதி, சாதி, வங்கிக் கணக்கு, பயிற்றுமொழி எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று நேரில் பார்த்துச் சரிசெய்யுங்கள். எல்லா உதவித்தொகைக்கும் அடிப்படை அதுதான்.

படிப்பு ஐந்து பகுதிகளாக இருக்கும். பகுதி 1 மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 உங்கள் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், பகுதி 4 திறன், சுற்றுச்சூழல் போன்றவை, பகுதி 5 என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு மாதிரியான விரிவாக்கப் பணி. முதல் இரண்டு வருஷமும் மொழியும் ஆங்கிலமும் கூடவே வரும், பி.ஏ. வரலாறு மாணவர்கள் தங்கள் பாடத்தில் நன்றாக எழுதிவிட்டு ஆங்கிலத்தில் அரியர் வைப்பது அதனால்தான். பகுதி 4, 5 சின்னவை என்று விட்டால் பட்டம் நிற்கும். பல பல்கலைக்கழகங்களில் அக மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75. அந்த 25ஐ வருகை, தேர்வு, கட்டுரை ஒப்படைப்பு வழியாக முதல் மாதத்திலிருந்தே சேர்க்க வேண்டும்.

பஸ் பாஸுக்குப் படிவம் முதல் இரண்டு வாரத்தில் வாங்குவார்கள். நூலக அட்டைக்கும் அப்போதே எழுதிக் கொடுங்கள். பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து, தன்னாட்சிக் கல்லூரியென்றால் அந்தக் கல்லூரித் தளத்திலிருந்து, உங்கள் சேர்க்கை ஆண்டுக்குரியதாகப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். சீனியர் தரும் நோட்ஸ் பழைய பாடத்திட்டத்துக்கு உரியதாக இருக்கலாம். தொலைநிலைக் கல்விக்குப் போவதென்று முடிவு செய்தவர்கள், அந்தப் படிப்புக்கு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்த ஆண்டுக்கு அனுமதி தந்திருக்கிறதா என்று அதன் பட்டியலில் பார்த்துவிட்டு, சேருவதற்கு டெப் ஐடி என்ற அந்தப் பிரிவின் பதிவு எண்ணும் எடுத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் 2024இலிருந்து சேர்க்கை செல்லாது.